காரின் மூக்கடைப்பு



தோட்டத்துத் தாய் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கையிலிருந்த சேமிப்பையெல்லாம் போட்டுப் பழைய மைவி கார் ஒன்றை வாங்கினார்களாம். அதுவரை மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக நெருக்கியடித்து, மழையில் நனைந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் இப்போது கண்ணாடி ஏற்றிய காரில் போகிறார்கள். ஆனால் இளையவனுக்கு இழுப்பு உண்டு. காரில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் இருமத் தொடங்கிவிடுகிறானாம். “ஏர்கோனைப் போட்டால் காயாத துணி வாடை அடிக்கிறது, சார். பட்டறையில் கேட்டால் டேஷ்போர்டையே இறக்கிக் கழுவ வேண்டும், செலவு நிறைய ஆகும் என்கிறார்கள். நான் பிள்ளைக்கு மருந்து பார்ப்பதா, காருக்கு வைத்தியம் பார்ப்பதா?” என்று கேட்கிறார்.

அம்மா, பட்டறையில் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். காரின் இடப்பக்கம், முன்னால் உட்காருகிறவரின் முழங்காலுக்கு எதிரே ஒரு பெட்டி இருக்கிறது அல்லவா? ரோட் டெக்ஸ் ரசீது, பழைய குடை, பாதி தின்ற மிட்டாய் எல்லாம் கிடக்கும் பெட்டி. அதற்குப் பின்னால் ஏறத்தாழ ஒரு பயிற்சிப் புத்தக அளவில், விசிறி மடிப்பாக மடித்த வடிகட்டி ஒன்று ஒளிந்திருக்கும். காருக்குள் வருகிற காற்றை வடிகட்டுவது அதுதான். கடைகளில் ‘ஏர்கோன் பில்டர்’ அல்லது ‘கேபின் பில்டர்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். நம் ஊர்ச் சிறு கார்களுக்குச் சாதாரண பில்டர் பெரும்பாலும் பத்து வெள்ளியிலிருந்து முப்பது வெள்ளிக்குள் கிடைத்துவிடும். அதை மாற்றுவதற்குப் பட்டறை வேண்டாம். ஸ்பேனர்கூடப் பெரும்பாலும் வேண்டாம். ஆறாம் ஆண்டுப் பிள்ளை பத்து நிமிடத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

பிள்ளையின் இருமலுக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் கிளினிக்கில் இருக்கும் மருத்துவர். ஆனால் இழுப்பு உள்ள பிள்ளையைத் தூசியிலும் பூசணத்திலும் உட்கார வைக்காதே என்றுதான் எந்த மருத்துவரும் சொல்வார். வீட்டில் மெத்தையைத் தட்டி வெயிலில் போடுகிறோம், திரைச்சீலையைத் துவைக்கிறோம். காரில் அந்த வேலையைச் செய்கிற பொருள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால், அப்படி ஒன்று உண்டு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கார் விற்றவரும் சொல்வதில்லை.

இஞ்சினுக்கும் ஒரு காற்று வடிகட்டி உண்டு. அது முன்மூடிக்குள் கறுப்புப் பெட்டியில் இருக்கும். சர்வீசுக்கு விட்டால் அதை மாற்றிவிடுவார்கள், கணக்கிலும் எழுதுவார்கள். அது இரும்புக்கு மூக்கு. நான் சொல்வது மனிதனுக்கான மூக்கு. இரண்டும் வேறு. ‘பில்டர் மாற்றியாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால், எந்தப் பில்டர் என்று கேளுங்கள்.

காற்று எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். முன் கண்ணாடியின் அடியில், வைப்பர் இருக்கும் இடத்தில், சல்லடை போன்ற பிளாஸ்டிக் தடுப்பு இருக்கிறதே, வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. உட்காற்றைச் சுழற்றும் பொத்தானை அழுத்தினால் அந்த வழி மூடிக்கொள்ளும்; அப்போது காருக்குள் இருக்கும் காற்றையே, பெரும்பாலும் முன்பயணியின் கால் பக்கத்திலிருந்து, இயந்திரம் இழுத்துக்கொள்ளும். இரண்டு வழிகளில் எதில் வந்தாலும், இப்போதைய கார்கள் பெரும்பாலானவற்றில் காற்று இந்த வடிகட்டியைக் கடந்து, குளிர்ந்த குழாய்ச் சுருளில் பட்டு, நம் முகத்தில் வீசுகிறது. அந்தச் சுருளைத்தான் பட்டறையில் ‘கூலிங் கோயில்’ என்கிறார்கள். “கோயில் கழுவணும்” என்று அவர்கள் சொன்னால் கும்பாபிஷேகம் என்று நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் செலவு மட்டும் கும்பாபிஷேகம் போல்தான் வரும்.

கால் பக்கத்திலிருந்து காற்றை இழுக்கும் என்றேன். இதைத் தோட்டத்துக் குடும்பங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் காலணியில் ஒட்டிவரும் செம்மண் காரின் தரையில் காய்ந்து பொடியாகிறது. உரம் போட்டுவிட்டு அதே உடையோடு ஏறுகிறோம். மருந்து அடித்த சட்டையைப் பின்னிருக்கையில் போடுகிறோம். ‘கண்ணாடியெல்லாம் மூடியிருக்கிறது, வெளித்தூசி வராது’ என்று இருந்துவிடுகிறோம். வெளித்தூசி வராதுதான்; உள்தூசி சுற்றிச் சுற்றி வருமே! ஆகவே, பில்டரை மாற்றுகிற அன்று தரை விரிப்பையும் எடுத்து வெளியே உதறுங்கள். மருந்து அடித்த உடையைத் தனிப் பையில் கட்டிப் பின்பெட்டியில் வையுங்கள். அந்த மருந்து வாடையைச் சாதாரண பில்டர் தடுக்காது.

வடிகட்டி அடைத்துக்கொண்டால் கார் சில அடையாளங்களைக் காட்டும். காற்றுத் திருகை நான்காம் எண்ணில் வைத்தால் இரைச்சல் பலமாகக் கேட்கும். காற்று மட்டும் கிழவர் ஊதுகிற மாதிரி வரும். மழையில் கண்ணாடி உட்புறம் ஆவி பிடித்து, எவ்வளவு நேரம் ஏர்கோன் போட்டாலும் தெளியாது. தைப்பூசத்துக்குப் பேராக்கிலிருந்து பத்துமலைக்கு இரவில் வருகிறீர்கள், காருக்குள் ஐந்து பேர், வெளியே தாப்பா பக்கத்தில் கொட்டுகிற மழை. அந்த நேரத்தில் ஓட்டுகிறவர் ஒரு கையால் துணியை வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வருகிறார் என்றால், அது வேடிக்கையான காரியமா? முப்பது வெள்ளிப் பொருள்தானே என்று நான் இதை அலட்சியமாகப் பேச முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னோர் அடையாளம் பலரைக் குழப்பும். புறப்பட்டு ஒரு மணி நேரம் நன்றாகக் குளிரும். பிறகு காற்று மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் நின்றே போகும். ஓய்வுத் தளத்தில் நிறுத்திக் காப்பி குடித்துவிட்டு வந்து திறந்தால் மறுபடியும் ஜில்லென்று வீசும். ‘கேஸ் போய்விட்டது’ என்று கேஸ் நிரப்பப் போவார்கள். கேஸ் குறைந்தாலும் இப்படி ஆகலாம். ஆனால் பில்டர் அடைத்திருந்தாலும் இதுவே நடக்கும். போதிய காற்று படாததால் சுருளின் மேல் ஈரம் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. நிறுத்தி வைத்தால் கட்டி உருகி வழி திறக்கிறது. முதலில் மலிவான காரணத்தைப் பார்த்துவிட்டு, பிறகு விலை கூடிய காரணத்துக்குப் போவதுதான் முறை. எல்லாப் பட்டறையும் ஏமாற்றும் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல கைகாரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பில்டரை எடுத்துக் காட்டாமலே கோயிலைக் கழுவச் சொல்கிறவரிடம், “அண்ணே, முதலில் பில்டரைக் காட்டுங்கள்” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

சரி, வேலைக்கு வருவோம். இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். இது முதல் விதி. உள்ளே சுழலும் விசிறி இருக்கிறது. பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள். பெட்டியில் இருப்பதையெல்லாம் எடுத்து ஒரு பையில் போடுங்கள். பிறகு பெட்டியைத் திறந்து, அதன் இரண்டு பக்கச் சுவர்களையும் இரு கைகளாலும் உட்புறமாக அமுக்குங்கள். பக்கங்களில் இருக்கும் சிறு முட்டுகள் விடுபட்டு, பெட்டி முழுவதும் கீழே தொங்கிவிடும். சில கார்களில் ஒரு பக்கம் சிறு கயிறோ கம்பியோ கோத்திருக்கும். முதலில் அதை விடுவிக்க வேண்டும். சிலவற்றில் ஒன்றிரண்டு திருகாணிகள் இருக்கும். வேறு சில கார்களில் வடிகட்டி இந்தப் பெட்டிக்குப் பின்னாலேயே இராது. முன்மூடியைத் திறந்து வைப்பருக்குக் கீழே தேட வேண்டியிருக்கும். காரோடு வந்த கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் கையேட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பலர் ரேடியோ பாடுகிறதா என்று பார்ப்பார்களே தவிர, கையேட்டைக் கேட்பதில்லை.

பெட்டி இறங்கியதும் உள்ளே நீண்ட பிளாஸ்டிக் மூடி தெரியும். அதன் ஓரத்தில் விரலால் அமுக்குகிற கொக்கி ஒன்றோ இரண்டோ இருக்கும். அமுக்கி இழுத்தால் மூடி கையோடு வரும். வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். வெயிலில் பல ஆண்டுகள் காய்ந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி உடையும். இன்னொரு கொக்கியை விட்டுவிட்டோமா என்று கைவிளக்கு அடித்துப் பாருங்கள்.

இப்போது பழைய பில்டரை இழுக்க வேண்டும். மெதுவாக, சாய்க்காமல், நேராக இழுங்கள். அதன் மேல் இலைச் சருகு, பூச்சி, மண், சில நேரம் குருவி இறகுகூடக் கிடக்கும். வெடுக்கென்று இழுத்தால் அத்தனையும் விசிறிக்குள் விழுந்துவிடும்; பிறகு காற்றைத் திறக்கும்போதெல்லாம் ‘கடகட’ என்று சத்தம் வரும். மடியில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்வது நல்லது. இழுத்த கையோடு இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்: எந்தப் பக்கம் மேலே இருந்தது? எந்தப் பக்கம் அழுக்காக இருக்கிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். புதிய பில்டரின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். சிலவற்றில் அம்பின் பக்கத்தில் ‘ஏர் புளோ’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். காற்று எந்தத் திசையில் போகிறது என்று அந்த அம்பு காட்டுகிறது. வேறு சிலவற்றில் ‘அப்’ என்று இருக்கும். இந்த அம்பு காற்றைப் பற்றிப் பேசவில்லை. இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும் என்று மட்டும் சொல்கிறது. காற்று மேலிருந்து கீழே இறங்குகிற காரில் முதல் வகை அம்பு கீழ்நோக்கியும், இரண்டாம் வகை அம்பு மேல்நோக்கியும் இருக்க வேண்டும்! அம்பை மட்டும் பார்த்து, எழுத்தைப் படிக்காமல் செருகினால் தலைகீழாகிவிடும். அச்சே இல்லாத பில்டராக இருந்தால் பழையதைப் பாருங்கள். அழுக்குப் படிந்த முகம்தான் காற்று வந்து மோதுகிற முகம். கரி சேர்த்தது, இரண்டு மூன்று அடுக்கு உள்ளது போன்ற பில்டர்களில் பருவெட்டான அடுக்கு காற்றை முதலில் சந்திக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கார் நின்றுவிடாது, ஆனால் பில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

மாற்ற வேண்டுமா, இன்னும் கொஞ்ச நாள் ஓடுமா என்பதற்கு ஓர் எளிய சோதனை: பழைய பில்டரை வெயிலில் தூக்கிப் பிடியுங்கள். மடிப்புகளுக்கிடையே வெளிச்சம் தெரிந்தால், செய்தித்தாளின் மேல் மெதுவாகத் தட்டி மறுபடியும் போடலாம். வெளிச்சம் தெரியவில்லை என்றாலும், ஈர வாடை அடித்தாலும், கறும்புள்ளி பூத்திருந்தாலும், தயங்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள். தண்ணீரில் அலசிக் காயவைக்கலாமா என்று சிக்கனக்காரர்கள் கேட்பார்கள். கூடாது. இவற்றில் பல வெறும் காகிதம் அல்ல; நுண்ணிழைகளைச் சேர்த்து அமுக்கிய துணி. சிலவற்றில் அந்த இழைகளில் மின்னேற்றம் செய்திருப்பார்கள். அதுதான் நுண்தூசியை ஈர்த்துப் பிடிக்கிறது. கழுவினால் இழை கலைந்து அந்தப் பிடிப்பு போய்விடும்; ஈரம் தங்கினால் பூசணமும் வரும். டயருக்குக் காற்றடிக்கும் குழாயை வைத்து ஊதுவதும் இழையைக் கிழித்துவிடும். பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும், வேலை செய்யாது.

புதிய பில்டர் வாங்கப் போகும்போது பழையதை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் காரின் பெயரோடு ஆண்டையும் சொல்லுங்கள். ‘மைவி’ என்று மட்டும் சொன்னால் போதாது. 2005இல் வந்தது ஒன்று, 2011இல் வந்தது ஒன்று, 2017இல் வந்தது ஒன்று என மூன்று தலைமுறை ஓடிக்கொண்டிருக்கிறது. அளவு கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் ஓரத்தில் இடைவெளி விழும். காற்று எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். பில்டர் புத்தம் புதிதாக இருக்க, தூசி ஓரமாக நுழைந்து போய்க்கொண்டிருக்கும்.

சில கார்களில் பெட்டியை இறக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இராது. இடம் விட்டிருப்பார்கள்; வடிகட்டியைப் போட்டிருக்கமாட்டார்கள். அப்படியானால் அந்தக் காருக்கான பில்டரும் அதன் மூடியும் கிடைக்குமா என்று உதிரிப்பாகக் கடையில் கேளுங்கள். 1985இல் வந்த முதல் சாகா, 1994இல் வந்த கஞ்சில் போன்ற பழைய வண்டிகளை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இந்தப் பில்டரைத் தேடி அலைய வேண்டாம். அவர்களுக்குச் சுருளைக் காலத்துக்குக் காலம் சுத்தம் செய்வதும் கண்ணாடியை இறக்கி ஓட்டுவதும்தான் வழி. கண்ணாடி இறக்குவது ஒன்றும் குறைந்த காரியமல்ல. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. செம்பனைக் காட்டோரம் கார் நிறுத்துகிற நமக்கு எலி வராமல் இருக்குமா? பில்டரைக் கடித்துக் கூடு கட்டியிருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் சிறுநீரால் பரவுகிற எலிக் காய்ச்சல் சில நேரம் உயிரையே வாங்கிவிடும். கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் மூடி, குளோரின் கலந்த தண்ணீரை லேசாகத் தெளித்து ஈரப்படுத்திய பிறகு துடைத்து எடுங்கள். காய்ந்த எச்சத்தைப் பெருக்கிக் கிளப்பக் கூடாது. அந்த வேலையில் மட்டும் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள்.

வாடை போகட்டும் என்று காருக்குள் பாச்சை உருண்டை போடுகிற வழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நம் நாட்டு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தையின் இரத்தத்தை எடுத்து ‘ஜி6பிடி’ குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்குப் பாச்சை உருண்டையின் ஆவி பட்டால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து போகலாம். மூடிய காரில் அந்த ஆவி எங்கே போகும்? வாசனைத் திரவியத்தைப் பில்டரின் மேலேயே தெளிக்கும் புதுப் பழக்கமும் நல்லதல்ல. இழுப்புக்காரப் பிள்ளைக்கு வாசனையே பகை. வீட்டுக்கு வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ‘ஏ/சி’ பொத்தானை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். சுருளில் தங்கிய ஈரம் ஓரளவு காயும். ஈரத்துணி வாடையும் குறையும். இதற்குக் காசு வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது? கையேடுகள் பெரும்பாலும் 15,000 அல்லது 20,000 கிலோமீட்டர், அல்லது ஓர் ஆண்டு என்கிற மாதிரி எழுதியிருக்கும். அது தார்ச்சாலையில் ஓடுகிறவர்களுக்கு எழுதியது. லோரி முன்னால் போக, அது கிளப்புகிற செம்மண் புழுதியில் நாம் பின்னால் போக, நம் பில்டருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். தீபாவளிக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒரு பார்வை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. போடும்போது ஓரத்தில் பேனாவால் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவிடுங்கள். எழுதுகிற வேலையை மகளிடம் கொடுங்கள். கழற்றுகிற வேலையையும் கொடுங்கள். கார் வேலை ஆண் பிள்ளை வேலை என்று யார் சொன்னது? இந்தப் பெட்டியின் சந்துக்குள் சிறிய கைதான் நன்றாக நுழையும்.

புகைமூட்டக் காலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1997இல் சரவாக்கிலும், 2005இல் போர்ட் கிள்ளான், கோலசிலாங்கூர் பகுதிகளிலும், 2013இல் மூவாரிலும் அவசரநிலை அறிவிக்கிற அளவுக்குப் புகை சூழ்ந்தது. 2015இலும் 2019இலும் பள்ளிகளை மூடினார்கள். அந்தப் புகையில் பொல்லாதது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள், 2.5 மைக்ரோனும் அதற்குக் கீழும் உள்ளது. ஒரு தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரோன். முடியின் குறுக்கே இந்தத் துகள்களில் குறைந்தது இருபத்தெட்டு வரிசையாக நிற்கலாம் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண பில்டர் மண்ணையும் மகரந்தத்தையும் நன்றாகப் பிடிக்கும். இந்த நுண்துகளில் ஒரு பகுதியை விட்டுவிடும். ‘பிஎம் 2.5’ என்று குறித்து விற்கிற பில்டர் கொஞ்சம் விலை கூடினாலும், இழுப்பு நோயாளி இருக்கிற வீட்டுக்கு அந்தக் காசு வீணல்ல. புகை நாளில் உட்காற்றுப் பொத்தானை அழுத்தி ஓட்டுங்கள். அதே காற்று திரும்பத் திரும்பப் பில்டரைக் கடக்கக் கடக்கத் தூசி குறையும்.

ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தியபடியே ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் வரை வராதீர்கள். ஐந்து பேர் விடுகிற மூச்சு அந்தச் சிறிய அறைக்குள்ளேயே சுற்றும். கரியமிலவாயு ஏறும், கொட்டாவி வரும், ஓட்டுகிறவருக்குத் தூக்கம் சொக்கும். ‘நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை’ என்று அவர் நினைத்துக்கொள்வார். இடையிடையே சில நிமிடம் வெளிக்காற்றைத் திறந்துவிட வேண்டும்.

இனிச் சொல்லப்போவதைப் பெரியவர்கள் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். கரி சேர்த்த பில்டர் வாடையைப் பிடிக்கும். அதனால் அது எல்லா விஷக்காற்றையும் பிடிக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். இஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை எந்தக் கேபின் பில்டரும் தடுக்காது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. புகைக்குழாயில் ஓட்டை விழுந்த காரில், அல்லது மூடிய இடத்தில் இஞ்சினை ஓடவிட்டு ஏர்கோனில் படுத்துத் தூங்குகிறவர்களை அது தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். நம் நாட்டில் அப்படி இறந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருக்கிறோம். நெடுஞ்சாலை ஓய்வுத் தளத்தில் களைப்பாற வேண்டுமென்றால் இஞ்சினை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை. போகிற வழியில் காருக்குள் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் வந்தால் அதைப் ‘பயணக் களைப்பு’ என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஓரங்கட்டி, கதவுகளைத் திறந்து, எல்லாரையும் இறக்கிவிடுங்கள். தலை தெளியவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதே காரில் அல்ல. அந்தக் காரின் புகைக்குழாயைப் பட்டறையில் பார்த்த பிறகுதான் மறுபடியும் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். பட்டறைக்குத் தயங்காமல் காசு கொடுக்க வேண்டிய வேலை இதுதான்.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு: பில்டரை மாற்றி, தரையைச் சுத்தம் செய்து, இரண்டு வாரம் பாருங்கள். காற்று பலமாக வந்தும் வாடை போகவில்லை என்றால் பூசணம் சுருளிலேயே ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போது பட்டறைக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதற்கும் உடனே டேஷ்போர்டை இறக்க வேண்டியதில்லை. மெல்லிய குழாய் வழியாக நுரை மருந்தைச் சுருளில் தெளித்துக் கழுவுகிற முறை இருக்கிறது. முதலில் அதற்கு என்ன கூலி என்று இரண்டு கடைகளில் கேளுங்கள். தம்பியின் மூச்சு மருந்து எப்போதும் பள்ளிப் பைக்குள் இருக்கட்டும். அதைக் காரின் பெட்டிக்குள் விட்டு வைக்காதீர்கள். நிறுத்திய காரின் வெயில் சூட்டுக்கு அந்தக் குப்பி ஆகாது. அவன் வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பெட்டியை மறுபடியும் மாட்டும்போது அடியில் இருக்கும் கீலை முதலில் பொருத்தி, பிறகு பக்கங்களை அமுக்கித் தள்ளுங்கள். ‘டக்’ என்று இரண்டு முறை சத்தம் கேட்க வேண்டும். ஒரு முறைதான் கேட்டது என்றால் ஒரு பக்கம் இன்னும் மாட்டவில்லை.

அடுத்த இதழில் வைப்பர் ரப்பர். மழைக்காலம் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.